நான்கு வயதுக்காரியின் பாட்டுப் பட்டியலும், கிடைக்காத 'மாடு பாடிய பாட்டும்'

உறையூர்க்காரி | திங்கள், இரவு 10.42

உதவி கேட்கத்தான் வந்தேன். கூடவே கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு நான்கு வயது இரண்டு மாதம். பாட்டுகளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டினால் செல்லாது. நிதானமாகப் பாடும் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் 'மெதுவாகச் சாப்பிடுகிற தாத்தா'. நாகூர் ஹனீபா 'கூப்பிடுகிற தாத்தா'. வெள்ளிக்கிழமை காலைகளில் தெருமுனைத் தேநீர்க்கடையில் கேட்டுப் பிடித்துக்கொண்டாள். மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயின் கிதார் 'மணல் பாட்டு'. பாலைவனத்தைப் படத்தில்கூட அவள் பார்த்ததில்லை. ஏன் மணல் என்று கேட்டேன். "காலில் ஒட்டுகிறது" என்றாள். காவிரி மணலாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் அப்பாவின் கைங்கரியம் ஒன்று உண்டு. க்ராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழு 1974-இல் வெளியிட்ட 'ஆட்டோபான்'. தலைப்புப் பாட்டு மட்டும் 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். கார் கிளம்பும் சத்தம், ஹாரன், பிறகு நெடுஞ்சாலை. வண்டி ஓட்டிச் செல்வதற்கு ஜெர்மனில் 'ஃபாரன்' என்பார்களாம். அந்தச் சொல் அடுக்கி அடுக்கி வரும். இவள் காதில் அது "பாரேன், பாரேன், பாரேன்" என்று விழுகிறது. ஒவ்வொரு பாரேனுக்கும் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டுவாள். கொடியில் காயும் துணி, பூனை, எதிர்வீட்டு மாமாவின் வழுக்கை.

குப்பை வண்டியின் பாட்டும் பட்டியலில் உண்டு, மறைக்கவில்லை. தோசை சாப்பிடும்போது மட்டும் நாதஸ்வர மல்லாரி வேண்டும். வேறு பலகாரத்துக்குக் கேட்பதில்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் "மாடு பாடிய பாட்டு போடு" என்கிறாள். எது என்று தெரியவில்லை. வார்த்தைகள் கிடையாதாம். பாடிக் காட்டு என்றால், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து "ம்ம்ம்ஊஊம்ம்" என்று ஒரு முனகல். "மாட்டுக்கு வயிற்றுவலியா?" என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டாள். வயிற்றுவலி இல்லை, பாடுகிறது. யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?

இரட்டையருக்கு அம்மா | திங்கள், இரவு 10.58

மாட்டுப் பொங்கல் பாட்டு, ஜல்லிக்கட்டுப் பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் 'ப்ளூ பாட்டு' கேட்டு மூன்று நாள் அழுதான். கடைசியில் பார்த்தால், கைப்பேசித் திரையில் நீலப் படம் தெரிகிற பாட்டு.

உறையூர்க்காரி | திங்கள், இரவு 11.05

பதினோரு பாட்டு போட்டாயிற்று. சினிமாவில் மாடு தலைகாட்டுகிற பாட்டு ஒன்றையும் விடவில்லை. "இது மாமா பாடுகிறார், மாடு பாடவில்லை" என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

பழைய டேப் | செவ்வாய், காலை 6.10

தப்பாக நினைக்க வேண்டாம் அம்மா. இப்படி எழுதுகிற பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். மாலி, ஜெர்மனி என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். பிள்ளையா தேடிப் போய்க் கேட்டது? நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் போட்டதைக் கேட்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு வானொலிப் பெட்டி, பிறகு ஒரு டேப் ரெக்கார்டர். திருச்சி நிலையம் எதை ஒலிபரப்பியதோ அதுதான் எங்கள் ரசனை. ரசனை என்றால் ஒன்றை எடுத்து ஒன்றை விடுவது. நான்கு வயதில் இருப்பது ரசனை அல்ல, பசி. எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்ளும்.

உறையூர்க்காரி | செவ்வாய், காலை 9.31

ஐயா, பாதி சரி. வீட்டில் இல்லாத பாட்டை அவளால் கேட்க முடியாது. ஆனால் விடுவதைப் பற்றிச் சொன்னீர்களே, அது அவளுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு உயிர் வீணை. ஏழு வருடம் கற்றவள் நான். என்றைக்காவது என் மகள் மடியில் தலைவைத்து வீணை கேட்பாள் என்று கர்ப்பத்திலிருந்தே கனவு கண்டேன். இரண்டே நிமிடம். "அம்மா, ஈ வந்துவிட்டது, நிறுத்து."

பட்டியலை நான் தயாரித்திருந்தால் முதல் பெயரே வீணையாக இருந்திருக்கும். குப்பை வண்டி கடைசியில்கூட வந்திருக்காது.

ஸ்காபரோ அப்பா | செவ்வாய், மாலை 6.20

ஈ வந்துவிட்டதா! சிரித்து முடியவில்லை.

இங்கே ரொறன்ரோவில் என் மகனுக்கு ஐந்து வயது. அப்பம்மா வளர்த்த பிள்ளை. 1975-இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தன் அறையில் போட்டுக்கொண்டு வாழைப்பழ வடிவத் தலையணையை அடித்துத் தள்ளுவான். அதைக் கொடுத்தது அப்பம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரினிடாட்டின் ஸ்டீல்பானை நாங்கள் யாரும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. இங்கே 1967 முதல் கோடையில் கரிபியன் ஊர்வலம் நடக்கிறது. கூட்டத்தைப் பார்க்கப் போனோம், அவன் தோளில் இருந்தான். எண்ணெய்ப் பீப்பாயின் தலையைத் தட்டிக் குழித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சுரம் வைத்த வாத்தியம் அது. திரும்பும் வழியெல்லாம் ஒரே கதை: "அப்பா, தகரத்துக்குள் மழை பெய்தது."

அன்றிலிருந்து காலையில் தவில், இரவில் தகர மழை. பழைய டேப் ஐயா, பசி என்றால் எல்லாவற்றிலும் இரண்டாவது வட்டில் கேட்காமலா இருக்கும்? இவன் எத்தனையோ கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டையும்தான்.

மாட்டுக்கு என் ஊகம்: துவா நாட்டுத் தொண்டைப் பாட்டு. சைபீரியாவின் தெற்கே, மங்கோலியாவை ஒட்டிய பகுதி. ஒரே ஆள், ஒரே மூச்சில், கீழே உறுமலும் மேலே சீழ்க்கையுமாக இரண்டு ஒலி எழுப்புவார். எங்காவது காணொளியில் கேட்டிருப்பாள்.

ஏழுக்கு ஏழு | செவ்வாய், இரவு 9.15

என் பங்குக்குச் செல்லோ, வயலின் குடும்பத்தில் அடிக்குரல் வாத்தியம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தனிச் செல்லோத் தொகுப்பை பாப்லோ கசால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்தார். அந்தப் பழைய ஒலிப்பதிவின் அடித்தந்தியில் மாடு ஒன்று நிச்சயம் இருக்கிறது. போட்டுப் பாருங்கள்.

உறையூர்க்காரி | புதன், இரவு 8.50

இரண்டையும் போட்டேன். தீர்ப்பு வருமாறு.

செல்லோ: "மாடு இல்லை. நாற்காலி இழுக்கிறார்கள்." பிறகு தரையில் படுத்துக் காதைத் தரையோடு வைத்துக்கொண்டாள். முடிந்ததும், "நாற்காலி இன்னொரு தடவை." மூன்று தடவை ஓடியது.

துவா: வாயைத் திறந்தபடி கேட்டாள். மெல்ல என்னிடம் வந்து, "இவர் தேனீயை முழுங்கிவிட்டார், தண்ணீர் கொடு" என்றாள். கொடுக்கும்வரை விடவில்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் இன்னும் இருக்கிறது.

மாடு கிடைக்கவில்லை. பட்டியல்தான் நீண்டுவிட்டது.

இரட்டையருக்கு அம்மா | புதன், இரவு 9.12

இப்படி விதவிதமாகக் கேட்டால் மூளை வேகமாக வளருமா? பிரசவத்துக்கு முன்பே மொசார்ட் குறுந்தட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். இன்னும் உறை பிரிக்கவில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

ஏழுக்கு ஏழு | புதன், இரவு 10.03

குற்ற உணர்வு வேண்டாம். அந்தக் கதை தொடங்கியது 1993-இல், அமெரிக்காவில். 36 கல்லூரி மாணவர்களை மொசார்ட் கேட்கவைத்துச் சோதித்தார்கள். வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு தேர்வில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வந்தது. அந்தத் தெம்பும் கால் மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது. அதில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஐந்து வருடம் கழித்து ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். உங்களுக்கு வந்த பரிசும் அந்த வழியில் வந்ததுதான்.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொரு ஆய்வு. எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் இருவரும் 2005-இல் வெளியிட்டது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டுப்புற இசையில் ஏழு எண்ணிக்கைத் தாளம் சாதாரணம். அந்த இசையையும் சீரான தாளத்தில் அமைந்த இசையையும் போட்டு, நடுவே தாளத்தைக் குலைத்துப் பார்த்தார்கள். வட அமெரிக்காவில் வளர்ந்த பெரியவர்களுக்குச் சீரான தாளம் குலைந்தால் தெரிந்தது. ஏழு குலைந்தால் தெரியவில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்கு இரண்டும் தெரிந்தன. பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் குழந்தைகளும் பெரியவர்களைப் போல் ஆகிவிட்டார்கள். ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்கு வீட்டில் சில நாள் அந்த இசையைப் போட்டுக் காட்டினால் ஏழு திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அவ்வளவு எளிதில் வரவில்லை.

நான் முப்பத்தெட்டு வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கியவன். மிஸ்ர சாபு, 'தகிட தகதிமி', மூன்றும் நான்கும் ஏழு. இதை எண்ணாமல் போட எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. உறையூர்ச் சகோதரி, ஒரு வேண்டுகோள். மிஸ்ர சாபுவில் அமைந்த கீர்த்தனை ஒன்றைப் போட்டு மகளின் காலைக் கவனியுங்கள். கையை விட்டுவிடுங்கள்.

உறையூர்க்காரி | வியாழன், காலை 10.20

போட்டேன். முற்றத்தில் குதித்தாள். ஒரு சின்னக் குதி, ஒரு பெரிய குதி. சின்னது, பெரியது. நான் சுவரோரமாக நின்று விரல் விட்டு எண்ணினேன். தப்பவேயில்லை. "என்ன குதிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன், அதுதான் என் தவறு. உடனே நின்றுவிட்டாள். "நொண்டி முயல்" என்றாள். பிறகு எவ்வளவு கெஞ்சியும் குதிக்கவில்லை.

செவிநலம் | வியாழன், பகல் 1.40

நான் செவித்திறன் பரிசோதகர். மகிழ்ச்சியைக் கெடுக்க வரவில்லை, ஒரே ஒரு விஷயம். சத்தத்தைக் குறைத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வாரம் 40 மணி நேரம் கேட்பதற்குப் பெரியவர்களுக்கு எல்லை 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75. நேரில் தவில் கேட்கப் போனால் பத்தடி தள்ளி உட்காரவையுங்கள். தலையில் மாட்டும் ஒலிவாங்கி இந்த வயதில் வேண்டாம்.

ஸ்காபரோ அப்பா | வியாழன், காலை 7.15 (எங்கள் நேரம்)

பகிடிக்குக் கேட்கிறேன், அப்பம்மாவின் சத்தத்துக்கு எத்தனை டெசிபல்?

செவிநலம் | வியாழன், மாலை 6.02

அதற்குக் கருவி கிடையாது. மேலும், தலையில் மாட்டுவதை 'ஒலிவாங்கி' என்று தவறாக எழுதிவிட்டேன். 'ஹெட்போன்' என்று திருத்தி வாசிக்கவும்.

சீவாளி | வியாழன், இரவு 9.45

மல்லாரி என்ற சொல்லைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். எங்கள் தாத்தா நாதஸ்வரம். அப்பாவும் கொஞ்ச காலம் வாசித்தார். நான் வங்கியில் கணக்கு வாசிக்கிறேன்.

தோசைக்கு மல்லாரி கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சிரித்துக்கொண்டே படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மல்லாரியில் சாகித்தியம் கிடையாது. வழக்கமாகக் கம்பீர நாட்டையில், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. அதில் வகை உண்டு. தேருக்குத் தேர் மல்லாரி. தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி. மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் சன்னதிக்கு வரும்போது தளிகை மல்லாரி. உங்கள் வீட்டில் தளிகை வருகிறது, அவள் மல்லாரி கேட்கிறாள். முறை தவறவில்லை. மடப்பள்ளியில் தோசை போடும் கோயிலும் உண்டு.

உறையூர்க்காரி | வியாழன், இரவு 10.01

அண்ணா, இது தெரியாமலே இத்தனை நாள் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்! ஒன்று கேட்க வேண்டும். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் இவள் வித்வானுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டாள். நாதஸ்வரத்தின் வாயருகே நூலில் ஏதோ குட்டி குட்டியாகத் தொங்கியது. "அதற்கு மட்டும் எதற்கு இத்தனை தோடு?" என்று சத்தமாகக் கேட்டாள். அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டித் தோட்டை ஆட்டிக் காட்டினார். அது என்ன?

சீவாளி | வியாழன், இரவு 10.20

அதுதான் நான்! நாணல் தட்டையில் செய்யும் ஊதுவாய், சீவாளி. எச்சில் ஈரம் ஏறி ஒன்று மக்கர் செய்தால் உடனே மாற்ற மாற்றுச் சீவாளிகள் தொங்கும். அதைச் சரிசெய்ய ஓர் ஊசியும் இருக்கும். எங்கள் தாத்தா மாற்றுச் சீவாளி இல்லாமல் கொல்லைக்குக்கூடப் போகமாட்டார்.

மாட்டு விஷயத்துக்கு ஒரு யோசனை. நீங்கள் எல்லோரும் "எப்படிப் பாடும்?" என்றே கேட்கிறீர்கள். அவள் பாடிக் காட்டியாயிற்று. "அது பாடும்போது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு என்பது ஓர் இடம்.

பழைய டேப் | வெள்ளி, காலை 5.55

நேற்று மனைவியிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "நீங்கள் மட்டும் என்ன, பிள்ளைக்கு நாலு வயதில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்" என்றாள். எழுதுகிறேன். எங்கள் மகள் எதிர்வீட்டுப் பேண்டு வாத்தியக்காரரின் வாசலே கதியாகக் கிடந்தாள். கிளாரினெட் என்றால் சோறு வேண்டாம். அது நமக்கு வேண்டாம் என்று நான் ஐந்து வயதில் வாய்ப்பாட்டு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பதினான்கு வயது வரை போனாள். நல்ல குரல். இன்று அவள் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்பதில்லை. பேரன்கள் கைப்பேசியில் ஏதோ கேட்கிறார்கள், தனித்தனியாக.

இதைக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பசி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

இரட்டையருக்கு அம்மா | வெள்ளி, காலை 7.30

ஐயா, மகளுக்கு ஒரு கிளாரினெட் பாட்டு அனுப்புங்களேன். காரணம் எதுவும் எழுதாமல், பாட்டை மட்டும்.

பழைய டேப் | வெள்ளி, காலை 7.52

எப்படி அனுப்புவது என்று பேரனிடம் கேட்க வேண்டும்.

உறையூர்க்காரி | வெள்ளி, இரவு 9.05

கண்டுபிடித்தாயிற்று!!!

சீவாளி அண்ணா சொன்னபடி, "மாடு பாடும்போது நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வந்தது. "பாட்டி வீட்டு வாசலில். பாட்டி மடியில். பாட்டி அரிசி போட்டாள். மாடு தலையாட்டியது."

பூம்பூம் மாட்டுக்காரர்! முசிறிப் பக்கம் அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தோம். அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். "ஆமாம், வந்தார். மாட்டுக்குச் சிவப்புப் பட்டு, கொம்பில் சலங்கை. இவள் என் மடியிலிருந்து இறங்கவில்லை, மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றார். அவர் மாட்டுக்குப் பின்னால் நின்று உறுமியைத் தேய்த்திருக்கிறார். முன்னால் மாடு தலையாட்டியிருக்கிறது. இவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் மாடுதான் பாடியிருக்கிறது. உவமை என்று நினைத்து நாம் ஒரு வாரமாக சைபீரியா வரை போய்வந்தோம். அவள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

சீவாளி | வெள்ளி, இரவு 9.20

உறுமி! எனக்கே தோன்றவில்லை பாருங்கள். நடு இடுங்கிய இருமுகத் தோல் வாத்தியம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் 'ம்ம்ஊம்' வரும். கோயில் கொடையில் எங்கள் தாத்தாவே ஒதுங்கி நின்று கேட்பார். அதன் முன்னால் நாதஸ்வரம் எடுபடாது என்பார்.

ஏழுக்கு ஏழு | வெள்ளி, இரவு 9.33

உறுமி மேளப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினீர்களா? என்ன சொன்னாள்?

உறையூர்க்காரி | சனி, காலை 11.15

நேற்று இரவே போட்டேன். நல்ல பதிவு, உறுமி தனியாகத் தெளிவாகக் கேட்கிறது. அவள் அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தோம். முதல் முனகலுக்கு நிமிர்ந்தாள். இரண்டாவதற்கு எழுந்து நின்றாள். சரி, கிடைத்துவிட்டது என்று நான் அவள் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

ஒலிபெருக்கிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். "மாடு எங்கே?"

மாடு இல்லை, இது அந்தச் சத்தம் என்றோம். உறுமி, மாமா, குச்சி, தேய்ப்பது எல்லாவற்றையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "சரி, இது குச்சிப் பாட்டு. நாளைக்கும் போடு. இப்போது மாடு பாடிய பாட்டு போடு."

அடுத்த சனிக்கிழமை முசிறிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். அம்மா தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவைத்திருக்கிறார், மாட்டுக்காரர் எந்தப் பக்கம் வந்தாலும் நிறுத்தி வையுங்கள் என்று.

ஸ்காபரோ அப்பா | சனி, காலை 9.40 (எங்கள் நேரம்)

இந்த இழையை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியது பிழையாகிவிட்டது. மகன் மேசைக்குக் கீழே இருந்ததை நான் கவனிக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டிலும் மாடு பாடிய பாட்டு வேண்டுமாம். வெளியே முழங்கால் வரை பனி. அண்ணா, தங்கச்சி, யாராவது முசிறியில் அந்த மாட்டைக் காணொளி எடுத்து அனுப்புங்கள். மாட்டின் வாய் தெரிகிற மாதிரி. மாட்டுக்காரர் தெரியக் கூடாது.